மீனாச்சி கையில் இருந்த பிள்ளை

தூறலில் குடையை விரிக்கக்கூடத் தோன்றாமல், அதைக் கைத்தடியாக ஊன்றிக்கொண்டு ராசம்மா தேயிலைத் தோட்டத்தின் கீழ் டிவிசனிலிருந்து ஏறி வந்த வேகத்தைப் பார்த்ததுமே, அக்கா சும்மா வரவில்லை என்று கந்தப்பனுக்கு விளங்கிவிட்டது. முழங்கால் வலி என்று கோயில் திருவிழாவுக்கே மூன்று இடத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறியவள், அன்றைக்கு நூற்றுச் சொச்சம் படிகளையும் ஒரே தம்மில் ஏறி, வீட்டு முகப்பு இஸ்தோப்பில் வந்து நின்றாள்.

"அந்தப் படத்துல இருக்கிற பிள்ளை நீயாடா?"

"எந்தப் படத்துல?"

"தெரியாத மாதிரி கேக்காத. நம்ம அம்மா கையில இருக்கிற பிள்ளை. ஒம்மக சுதா போன்ல போட்டிருக்கா. எங்க வீட்டுப் பிள்ளைக எல்லாம் பாத்துட்டுச் சிரிக்குதுக. 'தாத்தாவின் அம்மா, கையில் தாத்தா'ன்னு எழுதியிருக்கா. அது நானு!"

கந்தப்பனுக்கு வயது அறுபத்தொன்று. தோட்டத்துத் தேயிலை ஸ்டோரில் முப்பத்தெட்டு வருஷம் ரோலர் மிஷினோடு நின்றவர், போன வருஷம்தான் ஓய்வு பெற்றார். அவருடைய ஒரே மகள் சுதர்ஷினி தோட்டப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். அவளுடைய மகள் தஷ்விகாவுக்குச் சித்திரையில் ஒரு வயது நிறையப் போகிறது. மருமகனுக்குக் கொழும்பில் வேலை என்பதால் தாயும் பிள்ளையும் கந்தப்பனோடுதான் இருந்தார்கள்.

பங்குனி பிறந்த வாரம் சுதர்ஷினி பீலியில் தண்ணீர் பிடிக்கப் போனபோது அவளுடைய போன் இடுப்பிலிருந்து நழுவி, நிறைந்த வாளிக்குள் விழுந்து செத்துப்போனது. பிள்ளை பிறந்த நாளிலிருந்து எடுத்த படங்கள் அத்தனையும் அதோடு போயின. இரண்டு நாள் அழுதாள். மூன்றாம் நாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒரு முடிவுக்கு வந்தாள். இனிமேல் படமென்றால் கடதாசியில்தான். சொந்தக்காரர்கள் யாரிடம் என்ன படம் இருந்தாலும் வாங்கி, ஒவ்வொன்றுக்கும் கீழே யார், எங்கே, எப்போது என்று எழுதி, தஷ்விகாவின் பிறந்தநாளுக்குள் ஒரு புத்தகமாக அச்சடித்துக் கட்டிவிட வேண்டும்.

"இவ பெரிசாகி, நம்ம ஆளுக எல்லாம் யாரும்மான்னு கேட்டா, கையில எடுத்துக் குடுக்க ஒண்ணு வேணும்ப்பா" என்றாள்.

அந்தப் புத்தகத்தின் முதல் பக்கத்துக்குத்தான் மீனாச்சியின் படம். கந்தப்பனுக்கும் ராசம்மாவுக்கும் அம்மா. அவளுக்கென்று இந்த உலகத்தில் இருந்த ஒரே படம் அதுதான். அந்தக் காலத்துப் பெரிய துரையின் தங்கச்சி சீமையிலிருந்து வந்திருந்தபோது எடுத்தது என்பது மட்டும் எல்லோருக்கும் தெரியும். கறுப்பு வெள்ளைப் படம். லயத்து வீட்டு வரிசைக்கு முன்னால் மீனாச்சி நிற்கிறாள். இருபத்துமூன்று, இருபத்துநான்கு வயதிருக்கும். சேலையை ஏற்றிச் செருகியிருக்கிறாள். இடுப்பில் ஒன்பது, பத்து மாதப் பிள்ளை. தாயும் பிள்ளையும் ஒருசேரச் சிரிக்கிறார்கள், பிள்ளைக்குப் பல் இல்லை. பழைய முருகன் படம் ஒன்றைக் கழற்றிவிட்டு அந்தச் சட்டத்துக்குள் இதை வைத்துச் சுவரில் மாட்டியவர் அவர்களுடைய அப்பா. கேட்டால், "ஒங்கம்மாவும் பிள்ளையும்" என்பார். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசமாட்டார். அவரும் போய் இருபது வருஷமாகிறது. அக்கா அது தான்தான் என்று நினைத்து வளர்ந்தாள். தம்பி அது தான்தான் என்று நினைத்து வளர்ந்தார். எழுத்தில் வந்தபிறகுதான் விஷயம் வெளியே தெரிந்தது.

"கையில வளையல் போட்டிருக்கு பாரு. பொம்பளப் பிள்ளை!" என்றாள் ராசம்மா.

"கறுப்பு வளையல் ஆம்பளப் பிள்ளைக்கும் போடுறதுதான். காதைப் பாரு. எங்காது மாதிரியே விரிஞ்சிருக்கு."

"பிள்ளையில எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு. தோடு போட்டு போட்டு எறங்கிருச்சு."

கந்தப்பனின் மனைவி அழகம்மா தேத்தண்ணியைக் கொண்டுவந்து நாத்தனார் கையில் கொடுத்துவிட்டு, ஒரு பக்கமும் சாயாமல் உள்ளே போய்விட்டாள். முப்பத்திரண்டு வருஷமாக இந்த இரண்டு பேருக்கும் நடுவில் இருந்து பழகியவள் அவள்.

சுதர்ஷினிதான் வகுப்பில் சத்தம் போடுகிற பிள்ளைகளை அடக்குகிற குரலில் சொன்னாள். "அத்தை, அப்பா, போதும். நான் எழுதினதை அழிச்சிடுறேன். யாருன்னு சரியாத் தெரியுற வரைக்கும் அந்த எடம் வெறுமையாவே இருக்கட்டும். இப்ப டவுனுக்குப் போய் இதை ஸ்கேன் பண்ணுவோம்."

பூண்டுலோயா பஸ் நிலையத்துக்கு எதிரில் சிப்னாஸின் கடை. பாஸ்போர்ட் படம், போட்டோ கொப்பி, லேமினேட், கல்யாண அல்பம் எல்லாம் அங்கேதான். சிப்னாஸ் சட்டத்தை விளக்குக்குக் கீழே பிடித்து நாலு பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

"படம் கண்ணாடியோட ஒட்டிப் போச்சே அண்ணே. நம்ம ஊரு ஈரத்துக்கு இப்படித்தான் ஆகும். அவசரப்பட்டு இழுத்தா அம்மாட மொகம் கண்ணாடியோட வந்துரும். ஒரு கெழமை வச்சிட்டுப் போங்க. கொஞ்சம் கொஞ்சமா எடுத்துப் பாக்குறேன். இப்போதைக்குப் போன்ல ஒண்ணு எடுத்துத் தாரேன்."

"தம்பி" என்றாள் ராசம்மா, மேசை மேல் இரண்டு கையையும் ஊன்றி. "நீங்க ஆயிரம் மூஞ்சிய பாத்தவரு. இது ஆம்பளப் பிள்ளையா பொம்பளப் பிள்ளையா? மனச்சாட்சியோட சொல்லுங்க."

சிப்னாஸ் அக்காவையும் பார்த்தார், தம்பியையும் பார்த்தார். "எனக்கு ரெண்டு பேரும் வேணும் அக்கா. ஒங்க பேத்திட கல்யாண ஓடரும் வரணும், அண்ணண்ட பேத்திட பொறந்தநாள் புக்கும் முடியணும்" என்றார். சுதர்ஷினி சிரித்துவிட்டாள். பெரியவர்கள் இருவரும் சிரிக்கவில்லை.

படம் இல்லாத சுவரில் ஒரு சதுரம் மட்டும் வெளுப்பாகத் தெரிந்தது. அன்று மாலை கந்தப்பன் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அம்மா போனபோது அவருக்கு ஒன்பது வயது. விடியக்காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக்குப் போகிற அவசரத்தில் அவள் இடுப்பில் படங்குச் சாக்கைச் சுற்றிக் கட்டுகிறது ஞாபகம் இருக்கிறது. கூடைக் கயிறு நெற்றியில் பதித்திருந்த தடம் ஞாபகம் இருக்கிறது. குரல் ஞாபகம் இல்லை. முகமும், யோசித்துப் பார்த்தால், படத்தில் இருக்கிற முகம்தான் ஞாபகம். அதனால் சின்ன வயதில் யாராவது அடித்தாலும் வைதாலும் வந்து அந்தப் படத்துக்குக் கீழே நிற்பார். அந்தக் கை என்னைத்தான் பிடித்திருக்கிறது என்று நினைத்துக்கொள்வார். பிறகு ஒன்றும் வலிக்காது. இதையெல்லாம் அக்காவிடம் எப்படிச் சொல்வது? அழகம்மாவிடமே சொன்னதில்லை.

"மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டு இருந்தா ஆச்சா?" என்றாள் அழகம்மா, பேத்திக்குச் சோறு பிசைந்துகொண்டே. "ஒங்கம்மாவோட கூட்டாளி வேலாயி சின்னம்மா டயகமவுல இன்னும் இருக்காங்கள்ல? அந்தக் காலத்துல அடுத்த காம்பரா அவங்கதானே. அவங்ககிட்ட போய்க் கேளுங்க."

கந்தப்பனுக்கு அது ஏன் தோன்றவில்லை என்று அவருக்கே ஆச்சரியமாக இருந்தது. வேலாயி குடும்பம் எழுபத்துநான்கில் டயகமவுக்கு மாறிப் போயிருந்தது. அதற்குப் பிறகு நல்லது கெட்டதுக்குப் பார்த்ததோடு சரி. கடைசியாகப் பார்த்தே பதினைந்து வருஷமிருக்கும்.

சனிக்கிழமை அக்காவும் தம்பியும் புறப்பட்டார்கள். ராசம்மா தீபாவளிச் சேலையைக் கட்டியிருந்தாள். வெற்றி பெற்றுத் திரும்புகிறபோது நாலு பேர் பார்க்கவேண்டும் அல்லவா? சுதர்ஷினி தன் புதுப் போனை அப்பாவிடம் கொடுத்து, "சின்னப்பாட்டி பேசத் தொடங்கினதும் இந்தச் சிவப்பு வட்டத்தை அமுக்குங்க. பேசி முடியுற வரைக்கும் கையை எடுக்காதீங்க" என்று மூன்று தரம் சொல்லியிருந்தாள்.

தலவாக்கலைக்கு ஒரு பஸ், அங்கிருந்து டயகமவுக்கு ஒரு பஸ். ஒரே இருக்கையில் இருந்தும் லிந்துலை வரை இருவரும் பேசவில்லை. அக்கரப்பத்தனை தாண்டியதும் ராசம்மா பையைத் திறந்து ரொட்டியும் கட்டைச் சம்பலும் எடுத்து, தம்பியின் மடியில் வைத்தாள்.

"நான்தான்னு தெரிஞ்சா கோவிச்சுக்குவியா?" என்று கேட்டார் கந்தப்பன், வாயில் ரொட்டியோடு.

"நீயா இருந்தாத்தானே கோவிக்கிறதுக்கு?"

வேலாயிக்கு எண்பத்துமூன்று வயது. பேத்தி கிருஷாந்தியோடு இருந்தாள். அவர்கள் போய்ச் சேர்ந்தபோது வீட்டுக்கு முன்னால் வெயிலில் கால் நீட்டி உட்கார்ந்து, சுளகில் போஞ்சி விதை பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு கண் ஒப்பரேசன் செய்தது. அந்தக் கண்ணால் மட்டும் அவர்களைக் கூர்ந்து பார்த்தாள்.

"யாரு? மீனாச்சி பிள்ளைகளா? அடி ராசு! கந்தா! வாங்க வாங்க. இந்தக் கெழவி இருக்காளா போயிட்டாளான்னு பாக்க வந்தீங்களா?"

கையைப் பிடித்து இழுத்து இருவரையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டாள். சுகம் விசாரித்து, பேரப்பிள்ளைகள் கணக்கெல்லாம் கேட்டு, கிருஷாந்தியின் தேத்தண்ணியும் குடித்தானபிறகு கந்தப்பன் போனை எடுத்தார். சுதர்ஷினி அனுப்பியிருந்த படத்தைக் காட்ட கிருஷாந்தியின் போன், பேச்சைப் பதிய சுதர்ஷினியின் போன். சிவப்பு வட்டத்தை அமுக்கி, இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

கிருஷாந்தி படத்தைப் பெரிதாக்கிப் பாட்டியின் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனாள். வேலாயி முதலில் மீனாச்சியைப் பார்த்தாள். விரலால் தொட்டுப் பார்த்தாள். பிறகு பிள்ளையைப் பார்த்தாள்.

"அட என் மகனே!" என்றாள்.

கந்தப்பன் நிமிர்ந்து உட்கார்ந்தார். "பாத்தியா அக்கா? நான் சொன்னேன்ல!"

"ஒன்னைச் சொல்லலடா" என்று வேலாயி சிரித்தாள். "இது எம்மகன் முத்துக்கருப்பன்."

கோழி ஒன்று வந்து சுளகிலிருந்து ஒரு விதையைக் கொத்தப் பார்த்தது. கிருஷாந்தி அதை விரட்டினாள்.

"ஒங்களுக்குத் தெரியாதா? ஒங்கப்பா சொல்லலியா? அவரு எங்க வாயைத் தெறந்தாரு" என்று வேலாயி தானாகவே தொடங்கினாள். "முத்துவும் கந்தனும் இருவது நாள் வித்தியாசத்துல பொறந்தவனுக. முத்துக்கு ஏழு மாசம் இருக்கிறப்ப எனக்கு நெருப்புக் காய்ச்சல் வந்து, லொறியில தூக்கிப்போட்டு நுவரெலியா ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிட்டாங்க. நாப்பத்திரெண்டு நாள்! பிள்ளையை யாரு பாக்குறது? மீனாச்சி வந்து, 'குடு, ஒண்ணு குடிக்கிறதை ரெண்டு குடிக்கட்டும்'னு தூக்கிட்டுப் போயிட்டா. ரெண்டு பேருக்கும் பாலு குடுத்தா. தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவுல ஆயாகிட்ட ரெண்டையும் விட்டுட்டு மலைக்குப் போவா, பத்து மணிக்கு ஓடியாந்து ஒண்ணு மாத்தி ஒண்ணு குடுத்துட்டு ஓடுவா. 'ஒம்மகன் மொதல்ல கடிக்கிறான், எம்மகன் கடைசியில கடிக்கிறான்'னு நான் திரும்பி வந்தப்பறம் எங்கிட்ட சொல்லிச் சிரிப்பா."

ராசம்மா வாயில் கை வைத்துக்கொண்டாள்.

"நான் திரும்பி வந்து கொஞ்ச நாள்ல தொரையோட தங்கச்சி கேமராவைத் தூக்கிக்கிட்டு லயத்துக்கு வந்தா. பிள்ளையோட ஒரு தாய நிக்கச் சொன்னா. மொதல்ல என்னைத்தான் கூப்பிட்டா. நான் மாட்டேன்னுட்டேன். காய்ச்சல்ல என் தலைமுடி எல்லாம் கொட்டி, மொட்டைத் தலையா இருந்தேன். அந்தக் கோலத்துல படம் எடுக்கவான்னு தலையில முக்காட்டைப் போட்டுக்கிட்டு அந்த வெள்ளைக்காரிக்குப் பின்னால போய் நின்னுக்கிட்டேன். அப்பதான் மீனாச்சி, 'நீ வராட்டிப் போ, ஒம்மகனையாச்சும் எடுக்கட்டும்'னு முத்துவைத் தூக்கி இடுப்புல வச்சிக்கிட்டுப் போய் நின்னா. அவ சிரிக்கிறா பாரு. என்னைப் பாத்துத்தான் சிரிக்கிறா. முக்காடு நழுவி என் மொட்டை வெளிய தெரிஞ்சிருச்சு!"

வேலாயி சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். கிருஷாந்தியும் சிரித்தாள், அவளுக்கும் இது புதுக்கதை.

கந்தப்பனும் சிரித்தார். ஆனால் அந்தக் கை வேறொருவனைப் பிடித்த கை. கேட்கவேண்டாம் என்று நினைத்துக்கொண்டே கேட்டார்.

"அப்ப நான் எங்க சின்னம்மா இருந்தேன்?"

"நீயா? நீயும் அங்கதான் இருந்த. அந்தப் பொம்பளையோட தொப்பியப் பாத்து வீல்னு கத்தின. மீனாச்சி ஒன்னைக் கீழ எறக்கி விட்டுட்டு, பாத்துக்கன்னு ராசுகிட்ட சொன்னா. இவ அப்ப மூணு வயசுப் பிள்ளை. இவ பிடிக்கிறதுக்குள்ள நீ தவழ்ந்து ஓடிட்ட."

"ஏன் சின்னம்மா, இத்தனை வருஷமா நீங்க இதைச் சொல்லவே இல்லையே?" என்றாள் ராசம்மா.

"முத்து ரெண்டு மூணு தரம் கேட்டிருக்கான், எனக்குச் சின்னப்பிள்ளைப் படம் ஒண்ணு இல்லையாம்மான்னு. இருக்குன்னு தெரியும். இருந்தாலும் ஒரே படம். மீனாச்சி போயிட்டா. தாயில்லாப் பிள்ளைக வீட்டுல போய், அந்தத் தாயோட படத்தைக் குடுங்கன்னு எந்த வாயால கேக்குறது?"

ராசம்மா எழுந்துபோய் வேலாயியின் காலடியில் உட்கார்ந்து அவள் மடியில் தலை வைத்துக்கொண்டாள். அறுபத்துநான்கு வயது மனுசி. வேலாயி அவள் தலையைத் தடவிக்கொண்டே மீனாச்சியைப் பற்றி இன்னும் சொன்னாள். கங்காணியின் நடையை அப்படியே நடந்து காட்டி மலையில் எல்லோரையும் சிரிக்க வைப்பாள் என்று சொன்னாள். ஒருநாள் கங்காணி பின்னாலேயே நின்று பார்த்துவிட்டார் என்றும், அவரும் சிரித்துவிட்டார் என்றும் சொன்னாள். சோறு வடித்த கஞ்சியில் உப்புப் போட்டு, "துரைமார் சூப்பு" என்று பிள்ளைகளுக்குக் கொடுப்பாளாம். கந்தப்பனின் கை வலித்தது. ஆனாலும் சிவப்பு வட்டத்திலிருந்து விரலை எடுக்கவில்லை.

திரும்பி வருகிற பஸ்ஸில் ராசம்மாவுக்கு ஜன்னலோர இருக்கை கிடைத்தது. கந்தப்பன் முன்னால் இருந்த கம்பியையே பார்த்துக்கொண்டு வந்தார்.

"என்னடா, பேச்சையே காணோம்?"

"ஒண்ணுமில்ல அக்கா."

ராசம்மா கொஞ்ச நேரம் வெளியே பார்த்தாள். பிறகு, "ஒன்னை அம்மா என்னன்னு கூப்பிடும் தெரியுமா?" என்றாள்.

அவர் திரும்பினார்.

"மணியக்காரருன்னு கூப்பிடும். நீ பொறந்ததுலேயிருந்து எல்லாத்துக்கும் ஒரு அதிகாரம் பண்ணுவ. 'மணியக்காரருக்குப் பசிச்சிருச்சு, மணியக்காரரு கோவிச்சுக்கிட்டாரு'ன்னு சொல்லும். மலையால வந்ததும் கூடையைக்கூட எறக்காம ஒன்னைத்தான் தூக்கும். கொழுந்துக் கூடை முதுகுல, நீ முன்னால. எனக்கு எவ்வளவு எரிச்சலா இருக்கும் தெரியுமா? அதனாலதான் அந்தப் படமாவது நானா இருக்கட்டும்னு நெனச்சேன்."

"இதை நீ ஒரு நாளும் எங்கிட்ட சொன்னதே இல்லையே."

"நீ கேட்டியா?"

கந்தப்பன் மணியக்காரர், மணியக்காரர் என்று மனதுக்குள் இரண்டு தரம் சொல்லிப் பார்த்தார். தலவாக்கலையில் இறங்கியதும் அக்காவுக்கு ஒரு ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தார். குளிரில் ஐஸ்கிரீமா என்று வைதுகொண்டே அவள் முழுவதையும் சாப்பிட்டாள்.

வீட்டுக்கு வந்து போனைப் போட்டுப் பார்த்தபோது, ஐம்பது நிமிஷ வீடியோ முழுவதிலும் வேலாயி வீட்டுக் கூரைத் தகரமும் கந்தப்பனின் கட்டைவிரலும்தான் தெரிந்தன. குரல் மட்டும் கணீரென்று கேட்டது. சுதர்ஷினி தஷ்விகாவை மடியில் வைத்துக்கொண்டு முழுவதையும் கேட்டாள். மீனாச்சி முத்துவைத் தூக்கிய இடம் வந்ததும் நிறுத்தி, திரும்பவும் போட்டுக் கேட்டாள்.

"அப்பா, இது அத்தனையையும் எழுதணும்" என்றாள். "படத்துக்குக் கீழ ஒரு வரி பத்தாது."

செவ்வாய்க்கிழமை சிப்னாஸ் போன் எடுத்துக் கூப்பிட்டார். "அண்ணே, ஒடனே வாங்க. அக்காவையும் கூட்டிட்டு வாங்க. நான் போன்ல சொல்ல மாட்டேன்."

அவர்கள் போனபோது படம் கண்ணாடியிலிருந்து முழுசாகக் கழன்று, ஒரு வெள்ளைத் துணியில் கிடந்தது. மூலையில் மட்டும் கொஞ்சம் உரிந்திருந்தது. ஆனால் அது சட்டத்தில் இருந்ததைவிட அகலமாக இருந்தது.

"ஒங்க வாப்பா என்ன செஞ்சிருக்காரு தெரியுமா?" என்றார் சிப்னாஸ். "படம் பெரிசு, முருகன் சட்டம் சின்னது. வெட்ட மனசு வரல்ல போல. ஒரு பக்கத்தைப் பின்னால மடிச்சு வச்சு ஆணி அடிச்சிட்டாரு."

மடிப்பில் ஒரு வெள்ளைக் கோடு விழுந்திருந்தது. கோட்டுக்கு அந்தப் பக்கம், அறுபது வருஷமாக இருட்டில் இருந்த இரண்டு விரல் அகலத் துண்டில், மூன்று வயது ராசம்மா நின்றாள். முழங்கால் வரை கவுன், பரட்டைத் தலை, பதறிப்போய்த் திறந்த வாய். குனிந்து இரண்டு கையாலும் ஒரு பிள்ளையின் காலைப் பிடித்து இழுக்கிறாள். அந்தப் பிள்ளை படத்தைவிட்டு வெளியே தவழ்ந்து போய்க்கொண்டிருக்கிறது. தலையும் தோளும் படத்துக்கு வெளியே போய்விட்டன. உள்ளே இருப்பது ஒரு காலும், அரைஞாண் கயிறும், துணியில்லாத பின்பக்கமும்தான்.

ராசம்மாவுக்குச் சிரிப்பு உடனே வரவில்லை. முதலில் கண்ணாடியைப் போட்டாள், கழற்றித் துடைத்தாள், திரும்பப் போட்டாள். பிறகு தொடங்கியவள் சிப்னாஸின் கடை நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். போட்டோ கொப்பி எடுக்க வந்திருந்த இரண்டு பேர் என்னவென்று எட்டிப் பார்த்தார்கள்.

"மணியக்காரரு! பாருங்கடா மணியக்காரரு போறதை!"

கந்தப்பன் காது வரைக்கும் சிவந்து போனார். ஆனால் படத்தைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அவர் பார்த்தது அம்மாவின் இன்னொரு கையை. ஒரு கையால் முத்துவை இடுப்பில் பிடித்திருந்தாள். மற்றக் கை இதுவரை சட்டத்தின் ஓரத்தில் பாதியோடு நின்றிருந்தது. இப்போது அது முழுசாகத் தெரிந்தது. ஐந்து விரலும் விரிய, கீழ்நோக்கி, தவழ்ந்து போகிற பிள்ளைப் பக்கம் நீண்டிருந்தது. எட்டவில்லை. ஆனால் நீண்டிருந்தது.

"அண்ணே, வேணும்னா அந்தத் துண்டை விட்டுட்டு ஸ்கேன் பண்றேன்" என்றார் சிப்னாஸ், மரியாதைக்கு.

"ஒண்ணும் வேணாம் தம்பி. முழுசாப் போடுங்க" என்றார் கந்தப்பன்.

பௌர்ணமிப் போயா விடுமுறை முடிந்து இரண்டாம் நாள் முத்துக்கருப்பன் வந்தார். சிவனொளிபாத மலை யாத்திரை சீசன் முழுக்க அடிவாரத்து நல்லதண்ணியில் தொப்பிக் கடை போடுகிறவர். தாய் போனில் சொன்ன நிமிஷத்திலிருந்து கடையை விட்டு வர வழியில்லாமல் தவித்திருக்கிறார். வரும்போது தஷ்விகாவுக்கு ஆறு கம்பளித் தொப்பி, ஆறு நிறத்தில். கந்தப்பனைவிட ஒரு சாண் உயரம், தலை முழு வழுக்கை. ஒரே ஒரு பிள்ளைக்கு ஆறு தொப்பியா என்று அழகம்மா கேட்டதற்கு, "வளரும்ல மதினி" என்றார்.

சுதர்ஷினி படத்தைப் பெரிதாக அச்சடித்து வைத்திருந்தாள். அவர் அதை இரண்டு கையாலும் வாங்கி, இஸ்தோப்பு வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் நின்று பார்த்தார். முதுகைத்தான் இவர்களால் பார்க்க முடிந்தது. திரும்பியபோது மூக்கை உறிஞ்சிக்கொண்டார்.

"பிள்ளையில எனக்கு இவ்வளவு முடி இருந்திருக்கு பாருங்க" என்றார்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் கூச்சம் என்ற பேச்சே இல்லை. முத்துக்கருப்பன் கந்தப்பனைத் தோளோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, "நான் மொதல்ல கடிப்பேனாம், நீங்க கடைசியில கடிப்பீங்களாம். அம்மா நேத்தும் சொல்லுச்சு" என்று சொல்ல, அழகம்மா தேத்தண்ணிக் கோப்பையை வைத்துவிட்டு உள்ளே ஓடிப்போய்ச் சிரித்தாள்.

சாப்பாடானபிறகு சுதர்ஷினி கொப்பியையும் பேனையையும் எடுத்துக்கொண்டு நடுவில் உட்கார்ந்தாள். "இப்ப சொல்லுங்க. என்ன எழுதணும்?"

"எங்கம்மா மீனாச்சி. கையில கூட்டாளியோட மகன் முத்துக்கருப்பன். ரெண்டு பேருக்கும் பாலு குடுத்தா" என்றார் கந்தப்பன். "ஓடுறது நான். பிடிக்கிறது அக்கா."

"படம் எடுத்த வெள்ளைக்காரிக்குப் பின்னால எங்கம்மா நிக்குறாங்கன்னும் எழுதுங்க டீச்சர்" என்றார் முத்துக்கருப்பன். "மொட்டைத் தலையோட."

"துரையோட தங்கச்சிக்குப் பேரு என்னான்னு யாருக்காவது தெரியுமா?" என்று கேட்டாள் சுதர்ஷினி. யாருக்கும் தெரியவில்லை. அதையும் அப்படியே எழுதிக்கொண்டாள்.

ராசம்மாவுக்கு நாலு பேரப்பிள்ளைகள், முத்துக்கருப்பனுக்கு மூன்று, கந்தப்பனுக்கு ஒன்று. ஆளுக்கொரு புத்தகம். வேலாயிக்கு ஒன்று தனியாக வேண்டுமாம், பார்த்துக்கொண்டே படுக்க. ஒன்பது புத்தகத்துக்குச் சிப்னாஸிடம் சொல்லியாகிவிட்டது. முதல் பக்கம் மூன்று பக்கமாக வளர்ந்திருந்தது. இரண்டாவது படத்துக்கு வந்தபோது மணி நாலு. எழுபத்தெட்டில் எடுத்தது, கோயில் தேருக்கு முன்னால் பத்துப் பதினைந்து பேர் நிற்கிற படம்.

"இந்த ஓரத்துல தாவணியோட நிக்கிறது நான்தானே?" என்றாள் ராசம்மா.

"அது நீயில்ல அக்கா. அது மேட்டு லயத்து பாக்கியம்."

"பாக்கியமா? பாக்கியத்துக்கு எப்படா இவ்வளவு மூக்கு இருந்துச்சு?"

முத்துக்கருப்பன் படத்தை வாங்கிக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனார். சுதர்ஷினி பேனையை மூடிவிட்டு, போனை எடுத்து சிவப்பு வட்டத்தை அமுக்கினாள்.